கடல் தெரிகிற அறை

குளியல் நாற்காலியின் சக்கரங்களைப் பூட்டிவிட்டு லென்கா முதலில் தன் முன்கையில் தண்ணீரை விட்டுச் சூடு பார்த்தாள். அசுந்தாம்மாளுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலான சூடு வேண்டும். குறைந்தால் இத்தாலிய மொழியில் வைவாள். அந்த வசவுகளில் பாதி லென்காவுக்கு இப்போது மனப்பாடம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த நடைக்கூடத்தில் இன்னும் ஐந்து பேரைக் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும். ஒருவருக்கு இவ்வளவு நேரம் என்று மேற்பார்வையாளர் கணக்கு வைத்திருந்தாள். அசுந்தாம்மாளிடம் மட்டும் அந்தக் கணக்கு உதைக்கும்.

"மெதுவா தேய்டி. நான் என்ன சட்டியா?"

"சட்டியா இருந்தா இந்நேரம் கழுவிக் கவுத்திருப்பேன்."

கிழவி குலுங்கிச் சிரித்தாள். இடுப்பில் அறுவை செய்த தழும்பு இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது. தக்காளிச் செடிக்குக் குச்சி நடப் போனவள் கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டாள். மறுநாள் காலையில் தபால்காரன்தான் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்த முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்து, "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் மகன் ரெனாட்டோ.

"உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே. இன்னும் அப்பன் வீட்டு ஷெட்டுலயா கெடக்கே?"

"ஷெட்டு இல்ல அசுந்தாம்மா. கார் நிறுத்துற எடம். அப்பா பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்காரு."

"கார் நிறுத்துற எடத்துல புருஷன நிறுத்தி வெச்சிருக்கியாக்கும்."

லென்கா அவள் முதுகில் தண்ணீரை ஊற்றினாள். வெந்நீர் பட்டதும் கிழவியின் தோள்கள் தளர்ந்தன. தலையைத் திருப்பாமலே அவள் சொன்னாள்.

"என் வீட்ட நீ எடுத்துக்கோ."

"நல்லா இருக்கு போங்க."

"வெளையாட்டு இல்ல. நான் இனிமே அங்க போகப் போறதில்ல. எனக்குத் தெரியும். ரெனாட்டோவுக்குத்தான் அதச் சொல்ல வாய் வரல. தெரியாதவன் கையில போனா இடிச்சுப் போட்ருவான். நீ அந்தத் தெருப் பொண்ணு. சும்மா தரல, காசு குடு. அறுபதாயிரம். அதுக்கு மேல வாங்கினா மாதா என்னை மன்னிக்க மாட்டா."

அறுபதாயிரம் டாலர் என்பது அவள் புருஷன் உயிரோடு இருந்த காலத்து விலை. லென்கா வாய்க்குள் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். ஆனால் அன்று முழுக்க, மற்றவர்களுக்குப் பல் தேய்த்துவிடும்போதும் படுக்கை மாற்றும்போதும், அந்த வீடு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. கிரிங்கிலா மேட்டில், அவள் அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு கீழே இருந்தது அது. கிழவியின் புருஷன், இரும்பாலையில் உலைக்கு முன்னால் நின்ற மனுஷன், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே ஆஸ்பெஸ்டாஸ் தகடு அடித்துக் கட்டிய வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிக்கு வெளியே தொங்கும் அத்திப்பழத்தை லென்கா பறித்துத் தின்றிருக்கிறாள்.

சாயங்காலம் அவள் கணவன் ஜாரட் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் சாரம் கட்டுகிறவன். சிட்னிக்குத் தெற்கே, வொல்லாங்காங் கடற்கரையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளைச் சுற்றி இரும்புக் குழாய் பூட்டுவது வேலை. வீட்டுக்கு வந்ததும் முதல் கொஞ்ச நேரத்துக்கு விரல்கள் நிமிராது.

"அறுபதாயிரமா?" என்று நிமிர்ந்தான். "கெழவி மனசு மாறுறதுக்குள்ள இப்பவே பணத்த எடுத்துட்டு ஓடுறேன்."

"சும்மா இரு. அவங்க எந்தக் காலத்துலயோ இருக்காங்க."

"சரி, அது வேண்டாம். நியாயமான வெலைய மகன் சொல்லட்டும். ஏலத்துக்கு விடாம நேரா குடுத்தாருன்னா போதும், லென்கா. பேங்க்குல சொன்ன அளவுக்குள்ள அடங்கும்னு தோணுது."

முன்பணம் என்று அவர்களிடம் இருந்ததில் பாதி கல்யாணத்தில் சேர்ந்தது. லென்கா பக்கத்து மசிடோனியச் சொந்தக்காரர்கள் தங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து அவள் உடுப்பில் நோட்டுகளைக் குத்திவிட்டுப் போனார்கள். ஜாரட் பக்கத்து ஆட்கள் ரொட்டி சுடும் மெஷினாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நாலு மெஷின். அதைச் சொல்லி லென்காவின் அம்மா ரிஸ்தானா இன்றுவரை மருமகனைக் கேலி செய்துகொண்டிருந்தாள். மீதிப் பாதி, இரண்டு பேரும் வெளியே ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காமல் மிச்சம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். தக்காளிச் செடிகள் குச்சியில்லாமல் தரையில் படுத்துக் கிடந்தன. பிறகு வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். ஜாரட் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். கூரையைப் பார்த்து, "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றான். பின்பக்கம் சுற்றிவந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் குவித்துவைத்து எட்டிப் பார்த்தான்.

"பெரிய ரூமு நமக்கு. இந்தச் சின்னது..." என்று நிறுத்தினான்.

லென்கா அவன் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரெனாட்டோ சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்க வருவார். சிட்னியில் பஸ் ஓட்டுகிறவர், அறுபதை நெருங்கியவர், உட்கார்ந்து உட்கார்ந்து கனத்த உடம்பு. வேலை முடிந்து லென்கா வெளியே வந்தபோது கார் நிறுத்தும் இடத்தில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"அம்மா சொன்னாங்க. வாரா வாரம் சொல்றாங்க. அறுபதாயிரம்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இங்க பாரும்மா. உன்ன நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. ஆனா நீதான் அவங்க மனசக் கலைச்சு வீட்டக் குடுக்க வெக்கிறேன்னு என் தங்கச்சி நெனைக்கிறா. மேனேஜர்கிட்ட புகார் குடுக்கப் போறேன்னு நின்னா. நான்தான் வேண்டாம்னு தடுத்தேன்."

லென்காவுக்குக் காது மடல் சுட்டது. "நான் ஒரு வார்த்த கேட்டதில்ல சார். அவங்களா சொன்னதுதான்."

"தெரியும். தெரிஞ்சுதானே உங்கிட்ட நின்னு பேசுறேன்." காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அம்மாவுக்கு இனி இதுதான் எடம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நெரந்தர ரூம்னு காலியா இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், கடல் பக்கம். அதுக்கு என்ன முன்பணம் கேக்குறாங்க தெரியுமா?"

லென்காவுக்குத் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை.

"ஆறு லட்சம்," என்றார் ரெனாட்டோ. "ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கழிப்பறை. அம்மா போனப்புறம் திருப்பித் தருவாங்க, அது சரி. ஆனா இப்ப எண்ணி வெக்கணும்ல? அதுபோக மாசாமாசம் தனிக் கணக்கு. நான் பஸ் ஓட்டுறவன். அந்த வீட்ட வித்தாத்தான் உண்டு. ஏலம் விட்டா ஏழுக்கு மேல போகும்னு புரோக்கர் சொல்றான். நேரா குடுன்னா தங்கச்சி ஒத்துக்க மாட்டா." கார் கதவைத் திறந்தார். "ஏலத்துக்கு வாங்க. யாரு கண்டா, அன்னிக்கு மழ பெஞ்சு ஒருத்தரும் வராமக்கூடப் போகலாம்."

அன்றைக்கு மழை பெய்யவில்லை. வெயில் அடித்தது. இரும்பாலைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கொல்லைச் சிமெண்டுத் தரையில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பாதிப் பேர் அக்கம்பக்கத்துக்காரர்கள்; தங்கள் வீடு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். ஏலக்காரன் இறுக்கமான நீலக் கோட்டில் வியர்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பெருமைகளை அடுக்கினான். வீட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. நிலத்தைப் பற்றித்தான் சொன்னான்.

ஜாரட் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுவந்திருந்தான். கையில் எண் போட்ட அட்டை. வங்கி கொடுக்கும் கடனும் கையிருப்பும் சேர்ந்து ஆறு லட்சத்து எண்பதாயிரம். அதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது. ரிஸ்தானா மஞ்சள் ஸ்வெட்டரில், காகிதத்தில் சுற்றிய சுடச்சுடப் பாலாடைக்கட்டிப் பணியாரங்களோடு வந்து மகள் பக்கத்தில் நின்றாள்.

"சாப்பிட்டுட்டு நில்லுங்க. வெறும் வயித்துல குரல் எழும்பாது."

"அம்மா, சும்மா இரு."

ஐந்தரை லட்சத்தில் ஆரம்பித்தது. ஜாரட் கை தூக்கினான். ஒரு சீனத் தம்பதி தூக்கினார்கள். வாசல் பக்கம் காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். யாருக்காகவோ கேட்க வந்தவன். வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். ஆறு. ஆறே கால். ஆறரை. சீனத் தம்பதி தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், விலகிவிட்டார்கள். ஜாரட் ஆறு எண்பது என்றான். அவன் குரல் அவனுடையதுபோல இல்லை.

விரல் எழுந்தது. ஆறு தொண்ணூறு.

ஜாரட்டின் கை கீழே வந்தது. ஏலக்காரன் அவனைப் பார்த்து, "என்ன சார், வீட்டுக்காரம்மா முகத்தப் பாருங்க சார்" என்றான். ஜாரட் தலையை ஆட்டினான்.

அப்போதுதான் ரிஸ்தானா மருமகன் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஏழு லட்சம்!"

வேலியோரம் நின்றவர்களில் யாரோ கைதட்டினார்கள். "ஏழு லட்சம்! மஞ்ச ஸ்வெட்டர் அம்மா ஏழு லட்சம்!" என்று ஏலக்காரன் குதித்தான்.

"அத்தே, என்ன பண்றீங்க?" ஜாரட்டின் உதடுகள் வெளுத்துவிட்டன.

"என் வளையல் இருக்கு. உங்க மாமா கார் இருக்கு. நான் பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கித்தானே இவள வளத்தேன்? இன்னும் கூட்டுறேன்."

"அத்தே, சுத்தியல் விழுந்துட்டா இப்பவே கையெழுத்துப் போட்டுப் பத்துல ஒரு பங்கு கட்டணும். மிச்சத்துக்கு பேங்க்காரன் குடுக்க மாட்டான். கட்டினது அத்தனையும் போயிரும்!"

ரிஸ்தானா அட்டையை இறக்கினாள், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"ஏழு லட்சம், ஒரு தரம்."

போன்காரன் தெருப்பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தான். லாரி ஒன்று மேடேறும் சத்தத்தில் மற்றொரு காதையும் பொத்திக்கொண்டான். லென்கா அவன் முதுகையே பார்த்தாள். கல்யாணத்தில் குத்திய நோட்டுகள், குடிக்காத காப்பிகள், ஜாரட்டின் நிமிராத விரல்கள் எல்லாம் அந்த முதுகில் இருந்தன.

"ஏழு லட்சம், ரெண்டு தரம்."

கடவுளே, அவன் திரும்ப வேண்டும். அந்த வீட்டை அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு முன் எதற்கும் அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

அவன் திரும்பினான். விரல் எழுந்தது.

ஜாரட் அத்திமரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு யார் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று இருவரும் கவனிக்கவில்லை. புதிதாக ஒரு கிழவர் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு விலகினார். ஏழு லட்சத்து நாற்பதாயிரத்தில் சுத்தியல் விழுந்தது. ரெனாட்டோ வாசற்படியில் நின்று யாரையும் பார்க்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும்போது போன்காரன் ஜாரட்டிடம் வந்தான். சிட்னியில் இருக்கும் யாருக்காகவோ வாங்கினானாம். வாங்கியவர் இந்தப் பக்கமே வந்ததில்லை.

"அண்ணே, உள்ள பெட்ரூம் ரெண்டா மூணா? அவரு கேக்குறாரு."

"ரெண்டு," என்றான் ஜாரட். "பின்னால சின்னதா ஒண்ணு."

"தேங்க்ஸ்ண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் அதைப் போனில் சொன்னான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரிஸ்தானா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ரெண்டு வார்த்த வைங்களேன்டா" என்று அழுதாள். ஜாரட் அவள் கையிலிருந்த பணியாரப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

அசுந்தாம்மாளைக் கடல் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அவளுக்குக் கடல் பிடிக்கவில்லை. "கண்ணு கூசுது, திரைய இழுத்து மூடு" என்றாள். புது அறையில் முதல் குளியல் அன்று, சோப்பு நுரைக்கு நடுவிலிருந்து கேட்டாள்.

"குடி போயிட்டியா?"

லென்காவின் கை நின்றது. வீட்டை விற்றாகிவிட்டது என்று மட்டும் ரெனாட்டோ அம்மாவிடம் சொல்லியிருந்தார். யாருக்கு என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை போலும்.

"போயிட்டோம்," என்றாள் லென்கா.

"அடுப்படிக் குழாய எடப்பக்கமா திருகணும். ஓங்கித் திருகினா பிச்சுக்கும்."

"ம். எடப்பக்கம்."

வீட்டில் வந்து சொன்னபோது ஜாரட் சட்டென்று எழுந்துவிட்டான். "எதுக்கு அவங்ககிட்ட பொய் சொல்றே? இல்லாத வீட்டுக்குக் குழாய் வேறயா?" என்றான். அன்று இரவுச் சாப்பாட்டை மாமனார் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிடாமல், தட்டை எடுத்துக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்தான். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆனால் கிழவி விடவில்லை. தினமும் கேட்டாள். திரைச்சீலை என்ன நிறம்? அத்தி காய்த்ததா? பூனை வருகிறதா? லென்கா பதில் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல அந்த வீட்டில் சாமான்கள் சேர்ந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை, வாசலில் ஒரு கால்மிதி, சமையலறையில் நாலு ரொட்டி மெஷின்களில் ஒன்று. ஒரு சாயங்காலம் ஜாரட் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"இன்னிக்கு என்ன பண்ணினோம் வீட்டுல?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தக்காளிக்குக் குச்சி நட்டோம்" என்றாள்.

"நாளைக்குப் பின்னால ரூமுக்கு மஞ்ச பெயிண்ட் அடிக்கிறேன்னு சொல்லு. எளம் மஞ்சள். ரொம்பக் கத்துற மாதிரி வேண்டாம்."

மறுநாள் அதைச் சொன்னபோது அசுந்தாம்மாள் ஈரக் கையால் லென்காவின் கன்னத்தைத் தொட்டாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த ரூம்ல காலையில வெயில் வரும். கொழந்தைக்கு நல்லது."

குளிர் தொடங்கிய வாரத்தில் கிழவிக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் லென்கா வேலைக்கு வந்தபோது அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே போனாள். முகம் துடைத்து, தலை சீவி, பல்செட்டைப் பொருத்தி, கைகளை மார்பில் சேர்த்துவைத்தாள். அதற்கும் ஒரு கணக்கு இருந்தது, அதற்குள் முடித்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் என்ன பண்ணினோம் என்று ஜாரட் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதங்களைப் பிடித்துவிட்டான்.

ரெனாட்டோ வந்து அம்மாவின் துணிமணிகளை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் அடைத்தார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, திறந்திருந்த ஜன்னலையே பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டேன்ல?" என்றார்.

லென்கா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ட இடிச்சாச்சு, பாத்தியா? ரெண்டு மாடி வெச்சு ரெண்டு வீடாக் கட்டப் போறானாம். இங்க கட்டின பணம் திரும்பி வந்துரும். தங்கச்சிக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பொண்ணுக்கு சிட்னியில ஒரு வீடு வாங்கலாம்னு பாத்தா..." கையை விரித்தார். "முன்பணத்துக்குத்தான் வரும். அவளும் கல்யாணம் பண்ணிட்டு எங்க வீட்டுலதான் இருக்கா."

எழுந்தார். பைகளை எடுத்துக்கொண்டார். போகும்போது நின்று, "கடைசி வரைக்கும் நீங்க அங்க குடியிருக்கீங்கன்னுதான் நெனச்சாங்க. சந்தோஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நன்றிம்மா" என்றார்.

அவர் போன பிறகு லென்கா மெத்தை விரிப்பை உருவினாள். தலையணை உறையை உருவினாள். மெத்தையைத் திருப்பிப் போட்டு மருந்து தெளித்துத் துடைத்தாள். கதவுக்கு வெளியே இருந்த பெயர்ச்சீட்டை அலுவலகப் பெண் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். மத்தியானம் அவளே ஒரு நடுத்தர வயதுத் தம்பதியை அழைத்துக்கொண்டு வந்தாள். நல்ல கோட்டு போட்டவர்கள். யாருடைய தாய்க்கோ இடம் பார்க்க வந்தவர்கள்.

"இந்தப் பக்கம் முழுக்கக் கடல்," என்று அலுவலகப் பெண் திரையை விலக்கினாள். "இது காலியாறதே அபூர்வம். ரெண்டு குடும்பம் கேட்டுட்டு இருக்காங்க."

அந்த மனைவி அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒரு ஆளுக்குக்கூட நெருக்கமா இருக்கே," என்றாள். "அம்மாவோட பீரோ நிக்குமா?"

அவள் கணவர் பையிலிருந்து அளவு நாடா ஒன்றை எடுத்தார். ஒரு முனையை இழுத்து யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். அழுக்குத் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு லென்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"இதக் கொஞ்சம் புடிச்சுக்கிறியாம்மா?"

லென்கா துணிகளைக் கீழே வைத்துவிட்டு முனையை வாங்கிக்கொண்டாள். மண்டியிட்டு அதைச் சுவரின் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மறுகோடியில் ஜன்னலடியில் குனிந்து அந்த மனிதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆடாமப் புடி," என்றார். "நான் சொல்ற வரைக்கும் விட்டுடாத."